நான்கு ரூபாய்க்கு நான்கு லிட்டர்

4-8-2024, ஞாயிறு. ஆடி அமாவாசை.

குற்றாலத்தில் தர்ப்பணம் முடித்து, ஈர வேட்டியைக் காரின் பின்னிருக்கையில் பரப்பிப் போட்டுக்கொண்டு சுரண்டைக்குத் திரும்பும் வழியில், பெட்ரோல் முள் அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு நான் ஒரு பங்கில் வண்டியை ஒதுக்கியபோது, உடன் வந்த மைத்துனர் ஒரு வினாவை எறிந்தார். "இங்கன எதுக்கு அத்தான் போடுதீய? புளியரைக்குப் போய்ப் பாருங்க; கேரளா வண்டி பூரா அங்கதான் வரிசை கட்டி நிக்குது. லாபம் இல்லாம சும்மாவா வருவான்?"

வினா நியாயமாகத்தான் தோன்றியது. ஓய்வூதியத்தில் ஜீவிக்கிற பள்ளிக்கூட வாத்தியாருக்கு நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட பெட்ரோல் விலையைப் போல் மனசை உறுத்துகிற விஷயம் வேறு இல்லையாதலால், எங்கே மலிவு என்பதைப் பிரத்தியட்சமாக ஆராய்ந்துவிடுவது என்று இன்றிரவு சங்கற்பம் செய்துகொண்டேன்.

10-8-2024, சனி.

ஒரு வாரமாக எந்தக் காரியத்தை முன்னிட்டு வெளியே போனாலும், சுரண்டை, பாவூர்சத்திரம், தென்காசி ஆகிய மூன்று ஊர்ப் பங்குகளின் விலைப் பலகைகளையும் பார்த்து, பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிரத்தையோடு குறித்து வந்தேன். கண்ட பலன், ஊருக்கு ஊர் சில பைசாக்கள் வித்தியாசம், அவ்வளவே. கிடங்கிலிருந்து பங்க் எவ்வளவு தூரமோ, அதற்கேற்ற லாரி வாடகை விலையில் ஏறுகிறதேயன்றி, கத்தரிக்காய்க்காரனைப் போல், "உங்களுக்காக ரெண்டு ரூபா குறைச்சுக்கிடுதேன்" என்று சொல்லும் சுதந்திரம் பங்க்காரருக்கு இல்லை.

முன்பு மாதத்தின் முதல் தேதியிலும் பதினாறாம் தேதியிலும் விலையை மாற்றிவந்த எண்ணெய்க் கம்பெனிகள், 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் காலை ஆறு மணிக்கு மாற்றலாம் என்ற ஏற்பாட்டுக்கு வந்தன. ஆனால் இந்த வாரம் முழுவதும் பலகையிலிருந்த இலக்கங்கள் கோயில் கல்வெட்டைப் போல் அசையவே இல்லை. விடியற்காலையில், பெட்ரோல் குளிர்ந்து இறுகியிருக்கும்போது போட்டால் அளவு கூடும் என்று டீக்கடையில் ஒருவர் ரகசியம்போல் உபதேசித்தார். பெட்ரோல் இருக்கும் தொட்டி பூமிக்கடியில் அல்லவா புதைந்திருக்கிறது. அதற்கு விடியலும் உச்சிவேளையும் அநேகமாக ஒன்றுதான் என்று சொன்னேன். அவருக்கு அது ரசிக்கவில்லை.

18-8-2024, ஞாயிறு.

இன்று கேரள எல்லையை ஒட்டிய புளியரைக்குப் பிரயாணம். சாம்பவர் வடகரை, ஆய்க்குடி, செங்கோட்டை வழியாக, மேற்குத் தொடர்ச்சி மலையை நேரே பார்த்தபடி, சாரற்காற்று முகத்தில் அடிக்கப் போனதில் மனத்துக்குக் கிடைத்த ஆனந்தத்தை எந்தக் கணக்கிலும் சேர்க்க இயலாது.

மைத்துனர் சொன்னது பொய்யில்லை. மலையேறக் காத்திருக்கும் ஜல்லி லாரிகளுக்கும் காய்கறி வண்டிகளுக்கும் நடுவே, கே.எல். என்ற எண் பலகையோடு கார்கள் பங்கில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. என் முறை வந்தது. "அண்ணாச்சி, ஜீரோ பாத்துக்கிடுங்க" என்றான் பையன். பார்த்துக்கொண்டேன், இருபது லிட்டர் போட்டுக்கொண்டேன், பலகையையும் பார்த்தேன். எங்கள் ஊர் விலைக்கும் அந்த விலைக்கும் லிட்டருக்கு இருபது பைசாவுக்கு மேல் பேதமில்லை!

அப்படியானால் அவர்கள் ஏன் வருகிறார்கள்? விடை வரியில் இருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது பெட்ரோலையும் டீசலையும் அதற்கு வெளியே நிறுத்திவிட்டபடியால், அவற்றின்மீது அந்தந்த மாநிலம் தன் இஷ்டப்படி வரி விதிக்கிறது. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு நூற்றுக்குப் பதின்மூன்றும், அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 பைசாவும். 2021 ஆகஸ்டில் மூன்று ரூபாய் குறைத்ததற்குப் பின் உள்ள நிலை இது. கேரளத்திலோ நூற்றுக்கு 30.08, அதன்மேல் லிட்டருக்கு ஒரு ரூபாய், அதற்கும் மேல் ஒரு சதவீத உபவரி. இவை போதாவென்று 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்பு நிதிக்காக லிட்டருக்கு இன்னும் இரண்டு ரூபாய். ஆகவே புளியரையில் பெட்ரோல் மலிவு என்பது எல்லைக்கு அப்பால் கேரளத்து ஆரியங்காவிலிருந்து பார்ப்பவனுக்குச் சத்தியம். சுரண்டையிலிருந்து பார்ப்பவனுக்கு வெறும் வதந்தி. ஆரியங்காவுக்காரனுக்கு லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்குக் குறையாத லாபம். எனக்கு இருபது பைசா.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கணக்குக் கேட்டாள். இருபது லிட்டரில் மிச்சம் நான்கு ரூபாய். போகவர ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். என் பழைய மாருதி லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும். எனவே எரிந்தது நான்கு லிட்டர், நானூறு ரூபாய்க்கு மேல். "நாலு ரூவாக்கு நாலு லிட்டரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

25-8-2024, ஞாயிறு.

அந்த எல்லைக்கோட்டைப் பற்றியே சிந்தனை ஓடிக்கொண்டிருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஊர். தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே அன்னிய ராஜ்யம் தொடங்கிவிடும். சக்கரமும் பணமும் அங்கே நாணயமாகப் புழங்கிய காலம் ஒன்று இருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது அந்தத் தாலுகாவையே இரண்டாக வகிர்ந்து, புளியரை உள்ளிட்ட கிழக்குப் பகுதியைச் சென்னை ராஜ்யத்துக்கும், ஆரியங்காவு உள்ளிட்ட மலைப்பகுதியைக் கேரளத்துக்கும் கொடுத்தார்கள். அன்று கோடு சற்றே கிழக்கில் விழுந்திருந்தால், இன்று செங்கோட்டைக்காரர்கள் தென்காசிக்கு வந்து வரிசையில் நின்றிருப்பார்கள்!

உலகெங்கும் இதே கதைதான். கேரளத்தின் நடுவே புதுச்சேரியின் துண்டாகக் கிடக்கிற மாஹேயில், வரி குறைவு என்பதனால் வழிப்போக்கர் வண்டியை நிறுத்தாமல் போவதில்லை. ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் என்னும் சிறு நாட்டுக்குப் பக்கத்து நாட்டார் இதற்காகவே போய்வருவது வழக்கம். நிலத்தினடியில் ஊறிய எண்ணெய் ஒன்றுதான்; மேலே மனிதர் கிழித்த கோடுகளே அதற்கு வெவ்வேறு விலையைச் சூட்டுகின்றன.

11-9-2024, புதன்.

ஓணம் நெருங்குகிறது, சுரண்டைச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. தடியங்காயையும் வெண்டையையும் சிறு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த புனலூர் வியாபாரி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, என் ஆராய்ச்சியை விளக்கி, அவருடைய கணக்கைக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "சாரே, டீசலுக்குன்னு மலையிறங்கினா நான் மண்டன். நாற்பது கிலோமீட்டர் வந்து நாற்பது கிலோமீட்டர் போனா மிச்சம் எங்கே? காய்க்கு வர்றேன். வரும்போது டாங்கில் இறங்குற அளவு மட்டும் வச்சுக்குவேன். திரும்பும்போது புளியரையில் ஃபுல். எந்தப் பங்கு மலிவுன்னு தேடுறதே இல்ல, எல்லைக்கு இந்தப் பக்கமான்னுதான் பார்ப்பேன்."

நான் ஐந்து வாரம் தேடிய சூத்திரத்தை அவர் ஒரு தடியங்காயைத் தட்டிப் பார்க்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். மலிவைத் தேடிப் போகிறவனுக்கு அது வழியிலேயே எரிந்துபோகிறது. வேறு காரியமாகப் போகிறவனுடைய பாதையில் அது தானே குறுக்கிடுகிறது.

சந்தையிலிருந்து திரும்பும் வழியிலிருந்த பங்கில் பெட்ரோல் போட்டேன். பையன் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, "காத்து ரொம்ப இறங்கிக் கெடக்கு அண்ணாச்சி; இப்படி ஓட்டினா எண்ணெய் குடிக்கும்லா?" என்றான். நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பிடித்துவிட்டான், காசு கேட்கவில்லை. புளியரைவரை இந்த மெலிந்த சக்கரங்களோடுதான் போய்வந்திருக்கிறேன் என்பதை மனைவியிடம் சொல்லவில்லை. பால்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, நோட்டை மறுபடி பாலுக்கே கொடுத்துவிட்டேன்.