நானே கழட்டிக்கிறேன்

எட்டாம் வகுப்பில் 'ஷெட்' என்று கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். "தகரக் கொட்டாய் மிஸ்" என்றான் ஒருவன். "வண்டி வுடற எடம்" என்றாள் இன்னொருத்தி. அந்தப் பொருளும் உண்டுதான். நான் கேட்டது வினைச்சொல்லை. மரம் இலை உதிர்ப்பது, கண்ணீர் சிந்துவது, பாம்பு சட்டை உரிப்பது, உடம்பு எடை குறைவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் போதும். இறந்தகாலத்திலும் உருமாறாது. மனப்பாடம் செய்ய எளிது என்று பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

எனக்கு வேறொன்று உறைத்தது. இந்தச் சொல்லில் விடுவது பெரும்பாலும் உடையவரே. மரம் தன் இலையை விடுகிறது, பாம்பு தன் சட்டையை. பட்டுப்புழு கூடு கட்டுவதற்கு முன் நான்கு முறை தோலுரிக்கிறது. யாரும் அதைப் பிடித்து உரிப்பதில்லை.

கணவன் செத்தால் நம் ஊரில் என்ன சொல்கிறோம்? தாலியை அறுத்தார்கள், வளையலை உடைத்தார்கள், பொட்டை அழித்தார்கள். அறுந்தது, உடைந்தது, அழிந்தது என்ற தன்வினைக்கு அங்கே இடமில்லை. எல்லாம் பிறர் கை செய்வது. அவள் எழுவாயாக வருவது ஒரே ஒரு வசவில்: 'தாலியறுத்தவள்'. செய்தது ஊர், பழி அவளுக்கு.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அப்பாவின் பத்தாம் நாள். விடியுமுன் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை கையை நீட்டியபோது அம்மா சொன்னாள்: "யாரும் தொட வேணாம். நானே கழட்டிக்கிறேன்." கழற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். பொட்டின் மீது ஒரு கை வந்தது. அதை விலக்கினாள். "இது அவரு வெச்சதில்ல. எங்கம்மா வெச்சது."

"என்னா அண்ணி இது" என்று அத்தை அழுதாள். பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள்.

கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்காருபவர் உடலுக்கான நாடாவை விடுவார். பக்கத்தில் உட்காருபவர் கரைக்கான நாடாவைக் கொடுப்பார். இரண்டு நிற ஊடையும் கோர்த்துக்கொள்ளும் இடம்தான் காஞ்சிபுரத்தின் பெயர். அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா 26 வருடம் உட்கார்ந்தாள். அட்டையில் அப்பா பெயர் மட்டும் இருந்தது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் இருப்போர் சுமார் 35 லட்சம்; அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் பெண்கள். ஆனால் எங்கள் தெருவில் 'நெசவாளர்' என்றால் ஆண்தான். அம்மா 'கூட உக்காருறவங்க'.

பெயர் மாற்றப் போனபோது, "நெய்யறதுக்கு வீட்ல ஆம்பள யாரும் இல்லியா?" என்று கேட்டார்கள். ஏழு மாதம் நடந்தோம். எட்டாவது மாதம் அம்மா, பக்கத்து வீட்டு அக்காவைக் கரைக்கு உட்காரவைத்துத் தான் நெய்த சேலையைக் கொண்டுபோய் மேசைமேல் விரித்தாள். கோர்வையை விரலால் தடவிப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. அட்டை வந்தது.

அந்தப் பாடம் நடத்திய இரவு பெரிய அகராதியைப் புரட்டினேன். 'ஷெட்' என்பதன் ஆதிப் பொருள் பிரித்தல். தலை வகிட்டுக்கும் ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் இதே பெயர். மிதிகட்டையை அழுத்தியதும் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடாவுக்கு வழிவிடுகிற இடைவெளிக்கு இன்றும் இதே பெயர்.

அம்மாவிடம் சொன்னேன். தறிக்குழியில் கால் வைத்திருந்தவள் சிரித்தாள்.

"இதுக்கா புஸ்தகம் பாத்த? பிரியாம எப்பிடி நாடா போவும்?"

மறுநாள் சனிக்கிழமை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு உடம்பு சரியில்லை. அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள். கரை நாடா என் கையில்.

"கண்ணு, அவசரப்படாத. நான் மிதிச்சப்புறம் வுடு" என்றாள்.