வெள்ளிக் கடற்கரை ஆயா கடை

மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்த எங்களுக்குக் கடல் என்றால் கடலூர் வெள்ளிக் கடற்கரைதான். சிறு வயதில் மீட்டர்கேஜ் பாசஞ்சரில் ஏறி, நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வாசனை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் இறங்குவோம். அங்கிருந்து தேவனாம்பட்டினத்துக்கு பஸ். 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையைப் பற்றி அப்பா சொல்லிக்கொண்டே வருவார். யார் கேட்டார்கள்! எங்கள் நினைப்பெல்லாம் சுண்டல் வண்டி மேல்தான்.

ஆயாவின் மாமியார் தலையில் கூடை சுமந்து ஆரம்பித்த வியாபாரம் அது. ஆயா காலத்தில்தான் தள்ளுவண்டி, பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் வந்தன. முன்நெற்றி நரைத்திருந்ததால் அப்போதே அவள் எங்களுக்கு ஆயா.

கல்யாணமான புதிதில் பக்குவம் கேட்டேன். “பட்டாணியை ராத்திரியே ஊறப் போட்டுடு கண்ணு. வெந்தப்புறம்தான் உப்பு. தேங்காயும் மாங்காயும் ஆள் வந்து கேட்டாத்தான் கலப்பேன். முன்னாடியே கலந்தா ஊசிடும்” என்றாள். சோடா உப்பு போடவே மாட்டாள். அது நல்லதுதான். சோடா போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். பி வைட்டமின் அல்லவா போய்விடுகிறது! வாயுத் தொல்லைக்கு இஞ்சியும் பெருங்காயமும். என் மூத்தவளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, மிளகாய் இல்லாமல், தொண்டையில் சிக்காதபடி பட்டாணியை ஒவ்வொன்றாக நசுக்கிக் கொடுத்தாள். கூட்டம் காத்துக்கொண்டிருந்தது!

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடை சாயங்காலம்தான் என்பதால் ஆயா மணலில் இல்லை. வீட்டில் பட்டாணி அலசிக்கொண்டிருந்தவள், அலறல் கேட்டுப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். வண்டி, அடுப்பு எல்லாம் அலையோடு போயின. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

அதன்பின் குழந்தைகளைக் கடல் பக்கம் விடவே எனக்கு மனம் வரவில்லை. சின்னவள் நச்சரித்து, 2006 கோடையில் போனோம். வண்டி நின்ற இடம் வெறும் மணல். ‘திரும்பிவிடலாம்’ என்று நினைத்தபோது, தலையில் கூடையோடு ஆயா! மாமியார் காலத்துக் கூடைக்கே திரும்பியிருந்தாள்.

“பயமா இல்லையா ஆயா?”

“இருக்குது கண்ணு. அதான் தண்ணிக்கு முதுகு காட்டி உக்கார்றதில்லே.”

நாங்களும் அவள் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு முதல் வாய் இறங்கவில்லை. சின்னவள் இரண்டாவது பொட்டலம் கேட்டாள்.

பிறகு வண்டி வந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் பக்கம் கரை கடந்தபோது, எச்சரிக்கை கேட்டதுமே மருமகள் வண்டியை மஞ்சக்குப்பத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாளாம். இப்போது கடை அவள் கையில். பஜ்ஜியும் போடுகிறாள். எண்ணெய் கறுத்திருந்தால் நான் அதைத் தொடமாட்டேன், சுண்டல்தான். வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தினாலும், அவள் நிற்பது மட்டும் கடலைப் பார்த்துத்தான்.