சுருங்கிய படமும் தொலைந்த முகமும்

மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூரும் நிகழ்வுகள் 2023ஆம் ஆண்டில் பல இடங்களில் நடைபெற்றன. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தே சென்றார்கள். அந்த நாட்களில் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்தார். பிள்ளைகள் லயம் லயமாகச் சென்று பழைய படங்களையும் ஆவணங்களையும் திரட்டியிருக்கிறார்கள் என்றும், அவற்றை பவர்பொயின்ட் காட்சியாகப் பெற்றோருக்குக் காட்டப்போவதாகவும் சொன்னார். "சேர், நீங்கள் வந்து அரை மணித்தியாலம் பேசவேண்டும். கோப்பை முதலில் அனுப்புகிறேன். பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்" என்றார்.

பிழை திருத்துவது எனக்குப் பழகிய தொழில். ஒப்புநோக்குநராகத்தான் பத்திரிகைக்குள் நுழைந்தேன். ஆனால் அன்றிரவு கோப்பைத் திறந்தபோது கண்டது எழுத்துப் பிழை அல்ல.

கொழுந்து பறிக்கும் பெண்களின் முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்திருந்தன. அவர்களுக்குப் பின்னால் இருந்த தேயிலை மலை பச்சைக் கூழாகத் தெரிந்தது. மூடுபனி படிக்கட்டுப்போல வரிவரியாக இறங்கியது. பழைய கடவுச்சீட்டு ஒன்றின் எழுத்துகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் புள்ளிகள். சில படங்களில் மனிதர்கள் எல்லோரும் திடீரெனப் பருத்துவிட்டார்கள்.

நடந்தது இதுதான். கோப்பு 110 எம்பி இருந்திருக்கிறது. மின்னஞ்சல் 25 எம்பிக்கு மேல் ஏற்காது. யாரோ சொல்லிக்கொடுத்தபடி ஆசிரியை 'படங்களைச் சுருக்கு' என்ற கட்டளையைக் கொடுத்து, அங்குலத்துக்கு 96 பிக்சல் என்ற மிகக் குறைந்த அளவைத் தெரிந்துவிட்டார். கோப்பு சிறுத்தது. பிறகு சில படங்கள் மண்டபத்துக்குப் போதாதென்று அவற்றைத் திரை முழுவதற்கும் இழுத்துப் பெருப்பித்திருக்கிறார்.

சுருக்குவதில் இரு வகை உண்டு என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. 'ஸிப்' முறை ஒன்றையும் இழக்காது. மடித்து வைத்த சேலையை விரிப்பதுபோல் அப்படியே திரும்பக் கிடைக்கும். 'ஜேபெக்' முறை அப்படியல்ல. அது படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படாதென்று கருதும் நுணுக்கங்களை எறிந்துவிடுகிறது. அளவோடு எறிந்தால் நாம் அறியமாட்டோம். மிஞ்சினால் சதுரங்களின் விளிம்புகள் வெளியே தெரியும். நுணுக்கம் நிறைந்த தேயிலைச் செடியும், மெல்ல மெல்ல நிறம் மாறும் பனிமூட்டமும்தான் முதலில் பலியாகின்றன. நம்முடைய மலைகளை இந்த முறைக்குப் பிடிக்காது போலும்!

இந்த முறைக்கு அடிப்படையான கணிதத்தை 1974 ஜனவரியில் வெளியிட்டவர்கள் மூவர்: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். 1972இல் அவர் இந்த ஆய்வுக்காக அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் நிதி கேட்டபோது கிடைக்கவில்லை. இன்று உலகம் கைப்பேசியில் பரிமாறும் படங்களில் பெரும்பாலானவை அவர்களுடைய கணக்கின்மீதே நிற்கின்றன. ஆகவே கணக்கில் குற்றமில்லை. எவ்வளவு எறியலாம் என்று தீர்மானிப்பவர்கள் நாம்.

பத்திரிகைக்காரர்களுக்கு இது புதிதுமல்ல. ஈய எழுத்துக் காலத்தில் படத்தைப் புள்ளிகளாக்கித் துத்தநாகத் தகட்டில் புளொக் செய்வோம். மலிவான தாளில் நெருக்கமான புள்ளி அப்பிவிடும் என்பதால், அங்குலத்துக்கு 65 வரிசை போன்ற பருமனான புள்ளிகளே வைப்போம். நாங்களும் முகங்களின் நுணுக்கத்தை எறிந்தவர்கள்தான். ஆனால் அசல் படம் ஆசிரியபீடத்து அலுமாரியில் இருக்கும். புளொக் கெட்டால் இன்னொன்று செய்யலாம்.

மறுநாள் ஆசிரியையிடம் அதைத்தான் கேட்டேன். "டீச்சர், அசல்கள் எங்கே?"

பெரும்பாலானவை பிள்ளைகளின் வீட்டுக் கைப்பேசிகளில் இருந்தன. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியபோதே ஒருமுறை சுருங்கியிருந்தன. அவற்றை மறுபடி 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொன்னோம். அப்படி அனுப்பினால் சுருங்காது. பவர்பொயின்டின் தெரிவுகளில் 'மேம்பட்டவை' என்ற பகுதிக்குச் சென்று, கோப்பிலுள்ள படங்களைச் சுருக்கவேண்டாம் என்ற கட்டத்தில் அடையாளமிட்டோம். மண்டபத்துப் புரொஜெக்டர் 1920 பிக்சல் அகலத்துக்கு மேல் காட்டாது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் அந்த அகலத்துக்கு நாமே குறைத்துச் சேர்த்தோம். கடவுச்சீட்டு, கடிதம் போன்ற எழுத்துள்ளவற்றை இழப்பில்லாத 'பிஎன்ஜி' ஆக வைத்தோம். பருத்த மனிதர்களுக்குக் காரணம், பழைய நான்குக்கு மூன்று அளவுப் பக்கத்தைப் பதினாறுக்கு ஒன்பதாக மாற்றியது. 'படத்தையும் அளவையும் மீட்டமை' என்றதும் மெலிந்து பழையபடி ஆனார்கள். பத்திரிகை நறுக்குகளில் அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரிந்தன. 600 புள்ளி அளவில் மீண்டும் ஸ்கான் செய்து, பிறகு குறைத்ததும் அடங்கின.

எழுத்துள்ளவற்றில் இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். 2013இல் ஜெர்மனியரான டேவிட் கிரீசல், ஸெரொக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கான் இயந்திரங்கள் ஆவணத்தைச் சுருக்கும்போது 6 என்ற இலக்கத்தை 8 ஆக மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். எழுத்து மங்கவில்லை. தெளிவாகவே, ஆனால் பிழையாக இருந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, அதன்பின் ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு இலக்கத்துக்கும் அலைந்த சமூகம் நாம். மங்கலைவிடத் தெளிவான பிழை ஆபத்தானது.

அதன் பொருள் எனக்கு அடுத்த சனிக்கிழமைதான் முழுதாக விளங்கியது.

ஒரே ஒரு படத்துக்கு அசல் அகப்படவில்லை. ஆசிரியை தம் பழைய கைப்பேசியில் எடுத்தது. அந்தக் கைப்பேசி இப்போது இல்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள் அல்லவா, அவர்களில் ஒரு குடும்பம் அது. அண்ணன் குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறுவதற்கு முதல் வாரம், ஹட்டன் ஸ்டூடியோ ஒன்றில் எல்லோருமாக எடுத்துக்கொண்ட படம். நடுவில் தாய் அமர்ந்திருக்கிறார். கோப்பில் அவருடைய முகம் முப்பது பிக்சலுக்குமேல் இல்லை.

உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் அதைக் கொடுத்துத் தெளிவாக்கிக் கொண்டுவந்தான். நாங்கள் வியந்துபோனோம். கண், மூக்கு, புருவம் எல்லாம் நேற்று எடுத்ததுபோல இருந்தன. படத்துக்குரிய அம்மாவை அழைத்துக் காட்டினோம். அந்தப் படத்தில் தாயின் மடியோடு ஒட்டி நிற்கும் சிறுமி அவர். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்றவர்.

நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது எங்க அம்மா இல்லீங்க ஐயா. யாரோ ஒரு பொம்பள."

மாணவன் முகம் வாடிப்போயிற்று. அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "எங்கம்மாவுக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்கும் தம்பி. இதுல ரெண்டும் ஒண்ணா இருக்கு" என்றார்.

எறியப்பட்டதை எந்தச் செயலியாலும் மீட்க இயலாது. இருந்திருக்கக்கூடியதை ஊகித்து வரைகிறது. அது கண்ட ஆயிரமாயிரம் முகங்களின் சராசரியில் இந்தத் தாயின் சிறிய கண்ணுக்கு இடமில்லை.

"அசல் படம் உங்களிடம் இருக்கிறதா, அம்மா?"

"றங்குப்பெட்டில கெடக்குதுங்க. பூசணம் புடிச்சிருச்சு."

உடனே லயத்துக்குப் போனோம். மலைநாட்டு ஈரத்தில் படத்தின் ஓரம் பூஞ்சணம் பூத்து, கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பிரித்தால் மேற்படலம் கையோடு வந்துவிடும். ஆகவே கண்ணாடியோடே இஸ்தோப்பில் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், கண்ணாடியில் வானம் பிரதிபலிக்காதபடி பின்னால் ஒரு கறுப்புக் கம்பளியைப் பிடித்துக்கொண்டு, மாணவன் தன் கைப்பேசியில் பெரிய அளவில் எடுத்தான். அண்ணனின் தோள் பூஞ்சணத்தில் போய்விட்டது. தாயின் முகம் மங்கலாக இருந்தது. ஆனால் இடது கண் சிறிதாக இருந்தது.

விழாவில் அந்தப் படத்தை எந்த மெருகும் செய்யாமல் காட்டினோம். கறை கறையாகத்தான் தெரிந்தது. அந்த அம்மா எழுந்து திரைக்கு அருகே சென்று, பேரப்பிள்ளையிடம் ஒவ்வொருவராகக் காட்டிப் பெயர் சொன்னார். எனது அரை மணித்தியாலப் பேச்சை நான் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய படங்களைப் பெரிய அளவில் எடுத்து, அசலை இரண்டு இடங்களில் சேமியுங்கள். சுருக்குவதானால் பிரதியைச் சுருக்குங்கள். பிள்ளைகளுக்கு அனுப்பிய பின்னரும் றங்குப்பெட்டியிலுள்ளதை எறிந்துவிடாதீர்கள்.