சின்னத் துப்பாக்கியும் சின்னப் பிராணியும்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் வீடுகளில் பாதிப் பேருக்குப் பயம் உண்டாகிறது. மீதிப் பேருக்கு ஆசை உண்டாகிறது. பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் பெற்ற பிள்ளைகள். இவ்விரு கட்சிக்கும் நடுவே பஞ்சாயத்துப் பேசவேண்டிய பொறுப்பு, பள்ளிக்கூட உபாத்தியாயர் என்ற ஒரே காரணத்தினால், சில மாதங்களுக்கு முன் நம் தலைமேல் வந்து விழுந்தது.

நம் தங்கையின் மகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலையாயிருக்கிறான். வயது 26, இன்னும் கல்யாணமாகவில்லை, ஆகவே கையில் நாலு காசு மிச்சம் இருக்கிறது. "மாமா! சின்ன ரகத் துப்பாக்கி ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். பூந்தமல்லிக்கு அப்பால் போய் முயல், கவுதாரி ஏதாவது சுடலாம். மற்ற நாளில் காலி டப்பாக்களை அடுக்கி வைத்துக் குறி பார்க்கலாம். .22 வாங்குவதா, ஏர் ரைபிள் வாங்குவதா? நீங்கள் என்.சி.சி.யில் சுட்டவராயிற்றே, சொல்லுங்கள்" என்றான். அவனுக்குப் பின்னால் நின்ற நம் தங்கை, "அண்ணா! வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை வளைய வருகிறது. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்" என்றாள்.

இரண்டு பேர் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனால் கேள்வியின் வரிசைதான் தலைகீழாக இருந்தது. எந்தத் துப்பாக்கி என்பதை முதலில் கேட்கிறோம். எதைச் சுடுவது, எங்கே நின்று சுடுவது என்பவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். எனினும், மருமான் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்லிக்கொண்டு போவோம்.

ஆவடி டாங்கிகளின் ஊர். 1961-இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா முதல் அர்ஜுன் வரையில் எத்தனையோ டாங்கிகள் உருவாயின. அர்ஜுன் டாங்கியின் பீரங்கிக் குழாய் 120 மில்லிமீட்டர். நம் மருமான் கேட்ட .22 ரைபிளின் குழாயோ 5.6 மில்லிமீட்டர்; அதாவது ஓர் அங்குலத்தை நூறு கூறாக்கி, அதில் 22 கூறு. குழாயின் உட்புறத்தில் திருகு சுழியாக வரிகள் வெட்டியிருப்பதனால், குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டே நேராகப் பாய்கிறது. இந்த வரிகள் உள்ளதற்குத்தான் ரைபிள் என்று பெயர்.

.22 ரகத்தில் உலகமெல்லாம் புழங்குகிற தோட்டா 1887-இல் அமெரிக்காவில் தோன்றியது. குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம். தோளில் உதை இல்லை, சத்தமும் கொஞ்சம், மற்றத் தோட்டாக்களைவிட விலையும் மலிவு. அதனால்தான் முதன்முதலில் துப்பாக்கி பிடிக்கும் மாணவர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். நாம் கல்லூரியில் படித்த காலத்தில் என்.சி.சி.யில் கற்றதும் அதிலேதான். 25 கஜ தூரத்தில் குறி; தரையில் குப்புறப் படுத்து, கால்களை அகட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை இழுக்காமல் மெல்ல அழுத்தவேண்டும். ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்த அன்று நமக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை, பிறகு எந்தப் பரீட்சையில் தேறியபோதும் நாம் அடைந்ததில்லை. ஆகையால், துப்பாக்கி ஆசையே தப்பு என்று சொல்லும் கூட்டத்தில் நாம் சேர்ந்தவரல்ல.

ஏர் ரைபிளில் வெடிமருந்து கிடையாது. அழுத்தி அடைத்த காற்றுத்தான் குண்டைத் தள்ளுகிறது. இதில் சாதாரண ரகம் .177, அதாவது 4.5 மில்லிமீட்டர். குண்டின் எடை அரை கிராம் அளவுதான். மெரினாக் கடற்கரையில் பலகையில் பலூன்களைக் கட்டி வைத்து, காசு வாங்கிக்கொண்டு சுடச் சொல்கிறார்களே, அந்தத் துப்பாக்கியின் ஜாதிதான் இது. நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில் சுட்ட ஒரே துப்பாக்கி அதுவாகத்தான் இருக்கும்.

இதில் இரண்டு பிரிவு உண்டு. குழாயை மடக்கி உள்ளேயிருக்கும் ஸ்பிரிங்கை இறுக்குவது ஒன்று. அதற்கு வேறு உபகரணம் எதுவும் வேண்டாம். பல ஆண்டு உழைக்கும். ஆனால் ஸ்பிரிங் முன்னும் பின்னும் குலுக்குவதனால் குறி சற்றுத் தவறும். சிறு உருளையில் காற்றை முன்கூட்டியே நிரப்பி வைப்பது மற்றொன்று. அது குலுக்காது, குறி வெகு துல்லியம், ஆனால் விலையும் அதிகம், காற்று நிரப்பும் பம்புச் செலவும் தனி. கற்றுக்கொள்கிறவன் விலையையும் அழகையும் பார்ப்பதற்கு முன்னால், துப்பாக்கியின் அடிக்கட்டை தன் தோளுக்குப் பொருந்துகிறதா, பத்து நிமிஷம் தூக்கிப் பிடித்தால் கை நடுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறர் தோளுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாது அல்லவா?

சரி, எதைச் சுடுவது? இங்கேதான் மருமானின் திட்டத்தில் பாதி உதிர்ந்து போயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் ஆரம்பத்தில் சிறு பிராணி வேட்டைக்கு அநுமதிச் சீட்டுக் கொடுக்க இடம் இருந்தது. 1991-இல் செய்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது. முயலோ, கவுதாரியோ, காடையோ, ஏரியில் நீந்தும் நாமக்கோழியோ, எதையும் பொழுதுபோக்குக்காகச் சுட முடியாது. சுட்டு விழுத்தினால்தான் குற்றம் என்பதில்லை; முயற்சி செய்வதும், துரத்துவதும், முட்டையையும் கூட்டையும் கலைப்பதும்கூட அந்தச் சட்டத்தின்படி வேட்டையே. மூன்று வருஷம் வரையில் சிறைவாசம் கிடைக்கலாம். 2022-இல் செய்த திருத்தம் அபராதத்தையும் ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது.

"ஒரு முயலுக்கு இவ்வளவா, மாமா?" என்று மருமான் கேட்டான். கேட்கவேண்டிய கேள்விதான். பூந்தமல்லியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கியிருந்த காலத்தில் சென்னையைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரியும் வயலுமாக இருந்தன. குளிர்காலத்தில் வயல்களில் இறங்கும் உள்ளான் குருவிகளைச் சுடுவது துரைமார்களின் விளையாட்டு. இன்று அந்த வயல்கள் எங்கே? மனைகளாகவும், கிடங்குகளாகவும், தொழிற்சாலைகளாகவும் ஆகிவிட்டன. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிக்கு அருகே பருத்திப்பட்டு ஏரி என்று மிஞ்சியிருக்கும் தண்ணீரில்தான் கூழைக்கடாவும் நீர்க்காகமும் வந்து ஒண்டிக்கொள்கின்றன. இடமெல்லாம் நாம் எடுத்துக்கொண்ட பிறகு, உயிரையும் கேட்பது நியாயமாகுமா?

இந்த ஞானம் சர்க்கார் நமக்குப் புகட்டியதும் அல்ல. செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கல் கிராமத்தார், தங்கள் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்து முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுடைய காவலுரிமையை ஒப்புக்கொண்டார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அந்தக் குடியானவர்களுக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கி கையிலிருந்தவனுக்குத் தெரியாத விஷயம், கலப்பை கையிலிருந்தவனுக்குத் தெரிந்தது!

மருமானுக்கு இன்னொரு கதையும் சொன்னோம். பம்பாயில் ஒரு சிறுவன், மாமா வீட்டில் வளர்ந்தவன், தன் சிறு காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி என்று மாமாவைக் கேட்டான். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அவனை அனுப்பிவைத்தார். அங்கே திறந்த அலமாரிகள் அவன் வாழ்க்கையையே திருப்பிவிட்டன. அவர்தாம் பிற்காலத்தில் உலகம் போற்றிய பறவை சாஸ்திரி சாலிம் அலி. தம் சுயசரிதைக்கே ஒரு குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரை வைத்தார். அந்த மாமா குருவியைப் பார்த்துச் சும்மா இருந்திருந்தாலோ, பையனை அடித்துத் துரத்தியிருந்தாலோ, என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆசையை அடக்குவதைவிட அதற்கு வழி காட்டுவது மேல்.

இனி, எங்கே சுடுவது என்ற மூன்றாவது கேள்வி. டப்பாவைச் சுடுவதில் ஜீவஹிம்சை இல்லை. ஆனால் டப்பாவோடு குண்டு நின்றுவிடுவதில்லை. .22 குண்டு குறி தவறினால் ஒரு மைல் தூரம்கூடப் போகக் கூடியது. அம்பத்தூரில் எந்த மொட்டை மாடியில் நின்றாலும், ஒரு மைலுக்குள் பள்ளிக்கூடமும், பஸ் நிலையமும், ஆயிரம் வீடுகளும் இருக்கின்றன. ஏர் ரைபிளின் சின்னக் குண்டு அவ்வளவு தூரம் போகாது. ஆயினும் ஒரு கண்ணைப் போக்குவதற்கு அதற்குப் போதிய பலம் உண்டு. கல்லிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வந்து, சுட்டவனையே தாக்கும். விளையாட்டுச் சாமான் என்று பெயர் வாங்கியிருப்பதுதான் அதனிடம் உள்ள பெரிய அபாயம்.

சட்டமும் இந்த விஷயத்தை யோசித்தே எழுதியிருக்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு .22 ரைபிளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: அங்கீகாரம் பெற்ற ரைபிள் கழகத்தின் அங்கத்தினர் குறி பார்த்துப் பழகுவதற்கென்று கேட்டால் லைசென்ஸ் கொடுக்கலாம். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி, .177 ரகமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. லைசென்ஸ் வேண்டாம் என்றால் ஜாக்கிரதையும் வேண்டாம் என்று அர்த்தமில்லை.

துப்பாக்கி லைசென்ஸ் என்றதும் நமக்குப் பழைய சரித்திரம் நினைவுக்கு வராமல் இராது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் நம்மவர் கையிலிருந்த துப்பாக்கிகளைப் பறித்து, வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு அளித்தது. அஹிம்சையே உருவான காந்தியடிகளும் அந்தச் சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். 1928-இல் வெளிவந்த நேரு அறிக்கை, முறைக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைப் பிரஜைகளின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் சுதந்திரம் வந்து, 1950-இல் நமக்கென்று அரசியல் சட்டம் அமைந்தபோது, அடிப்படை உரிமைகளின் ஜாபிதாவில் அது இடம்பெறவில்லை. இதை முரண்பாடு என்று நாம் நினைக்கவில்லை. அந்நியன் நம்மை நம்பாமல் ஆயுதத்தைப் பறித்தது அவமானம். நாமே நமக்குள் கூடி, ஊருக்கு நடுவே இன்ன ஆயுதம் இன்ன விதத்தில்தான் இருக்கவேண்டும் என்று வரையறுத்துக்கொள்வது சுயராஜ்யம். இரண்டிலும் லைசென்ஸ் காகிதம் ஒரே மாதிரி இருக்கலாம், பொருள் ஒன்றல்ல.

மருமானுக்கு நாம் கூறிய முடிவு இதுதான். வேட்டையை மறந்துவிடு, குறியை மறக்காதே. முதல் மூன்று மாதம் சொந்தத் துப்பாக்கி வேண்டாம். ரைபிள் கழகத்தில் சேர்ந்து, அங்கே உள்ள ஏர் ரைபிளில் பழகு. உன் தோளும் கண்ணும் என்ன கேட்கின்றன என்பது அதற்குள் தெரிந்துவிடும். பிறகு .177-இல் ஒன்று வாங்கு. வீட்டில் பூட்டிய பெட்டியில் அது இருக்கட்டும். குண்டு வேறு பெட்டியில் இருக்கட்டும். சாவி உன் இடுப்பில் இருக்கட்டும். காலியாயிருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்தாலும், நிறைந்திருப்பதாகவே எண்ணிக் கையாளு. ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதே.

பத்து மீட்டர் தூரத்தில் காகிதத்தில் ஓட்டை போடுவது ஒரு வீரமா என்று அவன் முகம் சுளித்தான். போட்டிக் குறியின் நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்று சொன்னதும் சுளிப்பு மறைந்தது. அந்தப் புள்ளியைத் துரத்தித்தான் அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் தங்கம் அது. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் நாட்டின் பெயரால் நின்று சுட்டார். மருமான் ஆசைப்பட்ட அதே .22 ரகத்தில், 50 மீட்டர் தூரத்தில், நின்றும் படுத்தும் மண்டியிட்டும் சுட்டு, ஸ்வப்னில் குசாலே 2024-இல் பாரிஸில் வெண்கலம் கொண்டுவந்தார். ஒரு முயலையும் கொல்லாமல் அடைந்த கீர்த்தி இவை.

மருமான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கழகத்துக்குப் போய்வருகிறான். தங்கைக்கு இன்னும் முழுத் திருப்தி ஏற்படவில்லை. பெட்டிக்கு இரண்டு பூட்டாகப் போடவேண்டும் என்கிறாள். அதுவும் நல்ல யோசனை என்றே நமக்குத் தோன்றுகிறது.