ஏற்காட்டில் காணாமல் போன பச்சைப் பொத்தான்

சேலம் பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ்ஸுக்கு ஓடிப் போய், ஜன்னல் வழியாகக் கர்சீப் போட்டு இடம் பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த உலகத்தில் இன்னும் 'அப்டேட்' ஆகாமல் இருக்கும் ஒரே தொழில்நுட்பம் கர்சீப்தான். போட்டால் போட்ட இடத்தில் இருக்கிறது. மறுநாள் காலையில் பார்த்தால் நடு ஸீட்டுக்கு நகர்ந்திருப்பதில்லை.

இந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு ஸார். நான் சாதாரண பி.காம். பத்திரிகைகளுக்கு எழுதுவது போக, மிச்ச நேரத்தில் ரெண்டு ஆடிட்டர்களுக்குக் கணக்கு போட்டுக் கொடுத்துப் பிழைக்கிறவன். வியாழக்கிழமை ராத்திரி நல்லபடியாக மூடி வைத்த லேப்டாப், வெள்ளிக்கிழமை காலை திறந்தால் யாரோ மூன்றாம் மனிதருடையது மாதிரி இருந்தது. இடது பக்கம் இருந்தது நடுவில். நடுவில் இருந்தது எங்கேயோ. போதாக்குறைக்கு 'உங்களுக்காகவே புதுப்பித்திருக்கிறோம்' என்று ஒரு வாழ்த்துச் செய்தி வேறு. யாருய்யா கேட்டது?

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் அம்மா போன் பண்ணினாள்.

"சித்தப்பா மூணு மாசமா போனே எடுக்கறதில்லைடா. சித்தி போனுக்குப் பண்ணினா 'நல்லா இருக்கோம்'னு வெச்சிடறா. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வா."

2025 நவம்பர், சனிக்கிழமை காலை. பஸ் ஏறிவிட்டேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர் சுமார். அதில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள், பரீட்சை கேள்வித்தாள் மாதிரி. டிரைவர் ஸ்டியரிங்கை மடியில் போட்டுத் தாலாட்டுவதுபோல் சுற்ற, பஸ் திரும்பி, சற்று முன் பார்த்த அதே பள்ளத்தாக்கை மறுபடி காட்டுகிறது. என்ன, கொஞ்சம் உயரத்திலிருந்து. ஓரச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் நம்மை எடை போடுகின்றன, எவன் கையில் வாழைப்பழம் என்று.

எட்டாவது வளைவில் எனக்கு ஞானோதயம். விண்டோஸின் சரித்திரமே கொண்டை ஊசி வளைவுதான்! 1995-ல் இடது கீழ்மூலையில் 'ஸ்டார்ட்' என்று ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். (கம்ப்யூட்டரை நிறுத்தவும் ஸ்டார்ட்டைத்தான் அமுக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஜோக்.) ஊர் உலகமே அதில் பழகிய பிறகு, 2012-ல் விண்டோஸ் 8 வந்தது. ஸ்டார்ட் பொத்தானைக் காணோம்! உலகமே கூச்சல் போட்டதும் அடுத்த வருஷமே 8.1-ல் பொத்தான் திரும்பி வந்தது. 2021-ல் விண்டோஸ் 11. பொத்தானை நகர்த்தி நடுவில் உட்கார வைத்தார்கள். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவை நிறுத்தி, எல்லோரையும் நடுவுக்கு வரச் சொன்னார்கள். திரும்பி, திரும்பி, அதே பள்ளத்தாக்கு. ஆனால் பஸ் மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் தெரியவில்லை.

இருபதாவது வளைவு தாண்டியதும் காற்றின் வாசனையே மாறிவிடுகிறது. ஐயாயிரம் அடி உயரம். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. ஊட்டிக்குப் போக வசதியில்லாதவனின் ஊட்டி என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. செய்யட்டும். ஏரியில் படகு விட்டு, லேடீஸ் ஸீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்து, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டுச் சாயங்காலமே இறங்கிவிடுகிறவர்களுக்கு ஏற்காடு அவ்வளவுதான். ஆனால் கார்த்திகை மாசத்தில் காபித் தோட்டத்துக்குள் நடந்து பாருங்கள். செடியில் பழம் சிவப்பாகச் சரம் சரமாய். மேலே ஸில்வர் ஓக் மரங்கள். அவற்றைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடி. பனி கால் முளைத்து வந்து உங்கள் சட்டைக்குள் நுழையும்.

சித்தப்பா ஒரு எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். லெட்ஜரில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அப்படிப்பட்டவர் வாசலில் என்னைப் பார்த்ததும், "வாடா. உங்கம்மா அனுப்பினாளா?" என்றார். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

சித்தி உள்ளேயிருந்து வந்தாள். வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு.

"என்னாச்சு சித்தி?"

"ஒண்ணுமில்லைடா. வழுக்கிடுச்சு. இந்தா, காபி குடி."

காபி குடித்தேன். (இந்த ஊரில் யார் வீட்டிலும் காபியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அவமதிப்பு.) விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

2025 ஆகஸ்டில் ஒரு நாள், நம் ஊரில் ஏகப்பட்ட பேரின் போனில் கால் வரும் திரையின் முகமே மாறியது உங்களுக்கு ஞாபகமிருக்கும். சித்தப்பாவின் போனும் அதில் ஒன்று. அன்றைக்கு அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தார். இங்கே சித்தி, துவைக்கிற கல் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் போன் பண்ணியிருக்கிறாள். சித்தப்பா வழக்கமாகப் பச்சை இருக்கும் இடத்தில் விரலை வைத்துத் தள்ளியிருக்கிறார். கட் ஆகிவிட்டது. மறுபடி மணி. மறுபடி கட். மூன்று தடவை.

"நான் வேலையா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டா போல. அப்புறம் பண்ணலை" என்றார் சித்தப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. "முக்கால் மணி நேரம் மழையில கிடந்திருக்காடா. பக்கத்து வீட்டுப் பொண்ணு பார்த்துத் தூக்கியிருக்கு."

"போதும் விடுங்க. எத்தனை தடவை சொல்வீங்க" என்றாள் சித்தி.

கடைக்காரரிடம் கேட்டாராம். அவர் கம்பெனியைக் கேளுங்க என்றாராம். கம்பெனி நம்பரில் ஒரு பெண், "அது தானாவே மாறும் ஸார்" என்றாளாம்.

"யாரும்மா மாத்தினதுன்னு கேட்டேன். யாரும் மாத்தலை ஸார், ஸிஸ்டம்ங்கறா."

அன்றைக்கே போனை அணைத்து பீரோவுக்குள் வைத்துவிட்டார். எடுத்துக் காட்டினார். அதே தட்டில் பக்கத்தில் ஒரு தடிமனான பைண்டு புத்தகம் இருந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்தது. 'என் இனிய இயந்திரா'.

1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய தொடர். கதை நடப்பது 2021-ல். ஜனங்களுக்குப் பேர் இரண்டே எழுத்து. நிலா, சிபி, ரவி, மனோ. பேசுகிற இயந்திர நாய் ஜீனோ. நாட்டை ஆளும் சர்வாதிகாரி ஜீவா. சித்தப்பா வியாழன் வெள்ளியில் சேலத்திலிருந்து பத்திரிகை மேலே வரும்வரை பஸ் நிறுத்தத்திலேயே காத்திருப்பாராம்.

"இதை டிவியில போட்டாங்களே, பார்த்தீங்களா?" என்று பேச்சை மாற்றினேன்.

தப்பு. பெரிய தப்பு.

90களின் ஆரம்பத்தில் தூர்தர்ஷனில் அது தொடராக வந்தது. அந்தக் கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "என் தலைக்குள்ள ஒரு ஜீனோ இருந்தான்டா. டிவியில வந்தது வேற ஒரு நாய். அது ஒண்ணும் கெட்ட நாய் இல்லை. ஆனா அடுத்த வாரத்துலேருந்து புஸ்தகத்தைத் திறந்தா டிவி நாய்தான் பேசுது. என் நாயைக் காணோம்!"

எனக்கும் அது புரிந்தது. 2021-ல் ஐஸக் அஸிமோவின் 'பவுண்டேஷன்' டிவியில் வந்தபோது, புத்தகத்தில் இல்லாத குளோனிங் சக்கரவர்த்திகள் பரம்பரையாக உட்கார்ந்திருந்தார்கள். 2024-ல் நெட்ஃப்ளிக்ஸ் எடுத்த லியூ சிசினின் 'த்ரீ பாடி ப்ராப்ளம்' கதையில், பாதி சீனா இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நல்லா எடுத்திருக்கான் என்று நண்பர்கள் சண்டைக்கு வந்தார்கள். எடுத்திருக்கட்டும். நான் படித்து, கட்டி, குடியிருந்த வீட்டில் என்னைக் கேட்காமல் சுவரை இடித்தால் நன்றாகவா இருக்கும்?

"ஜீவா யாருன்னு ஞாபகமிருக்கா?" என்றார் சித்தப்பா. "நாடே பயந்து நடுங்கும். கடைசியில பார்த்தா அப்படி ஒரு ஆளே கிடையாது. வெறும் ஹோலோகிராம் பிம்பம். அப்ப படிக்கறப்போ, இதெல்லாம் நடக்குமான்னு சிரிச்சேன். இப்ப என் போனை மாத்தினது யாருன்னு கேட்டா, யாருமில்லைங்கறாங்களே!"

சுஜாதா 2008-ல் காலமானார். தன் கதை நடக்கும் வருஷத்தை அவர் பார்க்கவில்லை. எங்கள் சித்தப்பா பார்த்துவிட்டார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பழைய ஸ்கூட்டரில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். மலையின் உச்சி அது, ஐயாயிரத்து முன்னூறு அடிக்கு மேல். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். தலையைக் குனிந்தால்தான் தரிசனம். வெளியே வந்தால் அகலமான புல்வெளி, மேலே நீல வானம், பஞ்சு மேகம். எங்கேயோ பார்த்த இடம் என்று ஒரு நிமிஷம் முழித்தேன். அட, விண்டோஸ் எக்ஸ்பி!

அந்தப் பச்சைக் குன்றுப் படத்தை 1996-ல் சார்லஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் கலிபோர்னியாவில் காரை நிறுத்தி எடுத்தார். 2001-ல் எக்ஸ்பியோடு உலகம் முழுக்கப் போனது. நம்மில் எத்தனை பேர் ஆபீஸில் மேனேஜர் திட்டிய பிறகு அந்தக் குன்றை வெறித்துப் பார்த்து ஆறுதலடைந்திருப்போம்! வேடிக்கை என்னவென்றால், அது எப்போதும் புல் குன்றாக இருந்ததே இல்லை. பூச்சி விழுந்து திராட்சைக் கொடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்த இடைவெளியில் முளைத்த புல். பிறகு மறுபடி திராட்சை நட்டுவிட்டார்கள்.

இதை சித்தப்பாவிடம் சொல்லி, கொஞ்சம் சீண்டினேன். "நீங்க முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதின காபியே இங்கே ஒரு அப்டேட்தானே? 1820களில் காக்பர்ன்னு சேலம் கலெக்டர் கொண்டு வந்தது. ஸில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம்!"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கோயில் வாசலில் தேங்காய் வைத்திருந்த மலையாளிப் பெரியவரைக் காட்டினார். (கேரளாக்காரர் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்ததாகச் சொல்லும், தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். மே மாதத் திருவிழா அவர்களுடையது.)

"அதேதான்டா. அவங்க பாட்டன் கிட்ட எவனாவது கேட்டானா, காபி போடட்டுமான்னு? காபி நல்லதுதான். எனக்குச் சோறு போட்டுது. மாத்தாதேன்னு நான் சொல்லலை. கேட்டுட்டு மாத்து. இல்லை, சொல்லிட்டாவது மாத்து. ஒரு ஆளு வழுக்கி விழற அன்னிக்கா மாத்துவே?"

வீட்டுக்கு வந்து பீரோவிலிருந்து போனை வாங்கி சார்ஜ் போட்டேன். செட்டிங்ஸ், அதற்குள் ஒரு செட்டிங்ஸ், அதற்குள் இன்னொன்று... கடைசியில் கிடைத்தது. தள்ள வேண்டாம், ஒரு தட்டு தட்டினால் போதும் என்று மாற்றும் வழி. இரண்டு நிமிஷ வேலை. ஆகஸ்டிலேயே நான் ஒரு தடவை வந்திருந்தால் முடிந்திருக்கும். லேப்டாப்பில் பொத்தான் நகர்ந்ததற்கு ஊரைக் கூட்டிய எனக்கு, இதற்கு மூன்று மாசம்! சித்தி முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

சித்தியை அடுப்படிக்கு அனுப்பி, அங்கிருந்து பத்து தடவை போன் பண்ணச் சொன்னேன். பத்து தடவையும் சித்தப்பா எடுத்தார். பத்தாவது தடவை, "என்னடி?" என்றார். "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்றாள் சித்தி. இருவருமே போனை வைக்கவில்லை.

சாயங்கால பஸ்ஸில் ஏறி, முதல் வளைவு வருமுன் அவருக்குப் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார். "ஏறிட்டியா? பத்திரம்" என்றார். எடுக்கத்தான் சொல்லிக் கொடுத்தேனே தவிர, வைக்கச் சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன். போன் மேஜைமேல் வைக்கப்படும் சத்தம். பிறகு சித்தப்பா குரல் தூரத்திலிருந்து:

"பாவம் பய. லேப்டாப் மாறிடுச்சுன்னு வந்ததுலேருந்து புலம்பறான். வேலை போயிடுமோன்னு உள்ளுக்குள்ள பயம் அவனுக்கு. அடிக்கடி போன் பண்ணிப் பேசணும் அவன்கிட்ட."

நான் கட் பண்ணவில்லை. ஏழெட்டு வளைவு வரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன். பாத்திரம் கழுவும் சத்தம். சித்தியின் இருமல். பிறகு சிக்னல் போய்விட்டது.