பகலில் வாசகசாலை, மாலையில் ரீகல்

மதுரைத் தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து மேல வெளி வீதியில் கால் வைத்தவர்களுக்கு விக்டோரியா எட்வர்டு மன்றம் கண்ணில் படாமல் போகாது. வெளி வீதிகள் எனப்படுபவை, 1840-களில் ஆட்சித் தலைவர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது பிறந்தவை. நிலையத்திற்கு இரயில் வந்தது 1875-இல். மன்றம் அதற்கும் பிற்பட்டது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. 1901-இல் மறைந்த அரசியும், அவருக்குப்பின் 1910 வரை ஆண்ட மகனும் அதில் சேர்ந்தே நிற்கிறார்கள்.

அக்காலப் பொது மன்றங்கள் சொற்பொழிவுக்காக எழுப்பப்பட்டவை. ஒலிபெருக்கி இல்லாத நாளில் பேசுவோர் குரல் கடைசி வரிசை வரை எட்டவேண்டும். மின்விசிறி இல்லாத நாளில் கூட்டத்திற்கு மூச்சு முட்டக்கூடாது. ஆகவே உயர்ந்த கூரை, சுற்றிலும் கதவுகள், சன்னல்கள். சென்னையில் சிஸம் வரைந்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய செங்கல் மண்டபமாகிய விக்டோரியா பொதுமண்டபமும் இவ்வினமே. அங்கே 1896-லேயே அசையும் படம் காட்டினார்கள். சுகுண விலாச சபையார் நாடகம் ஆடினார்கள். ஆனால் காற்றுக்காகத் திறந்து வைத்த கட்டடம் படத்திற்கு உதவாது. படத்திற்கு வேண்டியது இருள் அல்லவா?

மதுரையில் இதற்குக் கண்ட வழி எளியது. பகல் முழுவதும் மன்றம் வாசகசாலை. பொழுது சாய்ந்ததும் அதுவே ரீகல் திரையரங்கு. ஆங்கிலப் படங்கள் ஓடும். பகற்காட்சி கிடையாது. (பின்னாளில் பெயர் தங்கரீகல் ஆயிற்று, தமிழ்ப் படங்களும் வந்தன.)

நமது தந்தையார் உசிலம்பட்டிப் பக்கத்தில் வேதியராகப் பணியாற்றியவர். மதுரைக்கு வந்தால் அம்மன்றத்தில் செய்தித்தாள் வாசிக்காமல் திரும்பமாட்டார். திரைப்படமோ அவருக்கு ஆகாது. திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1936-இல் திரைப்படத்தைப்பற்றி எழுதிய சுற்றுமடலில், நல்ல படங்களும் வேண்டும் என்று கூறியிருப்பதை நாம் எடுத்துக்காட்டியதுண்டு. "உனக்கு வேண்டியதை மட்டும் படிச்சிருக்க" என்பார். அதுவும் உண்மைதான்.

மதுரை விடுதியில் தங்கிப் படித்த நாளில் வீட்டிற்கு எழுதும் கடிதங்களில், "சனிக்கிழமை மாலை மன்றத்தில் கழித்தேன்" என்று எழுதுவோம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனாலேயே அது முழுப் பொய்யாயிற்று. அக்கட்டடம் நமக்குச் செய்துகொடுத்த வசதி அது.

1972-ஆம் ஆண்டுத் தவக்காலம். குருத்தோலை ஞாயிறுக்கு நம்மை அழைத்துப்போகத் தந்தையார் முன்னறிவிப்பின்றி வந்திருக்கிறார். விடுதியில் விசாரித்தால், மன்றத்திற்குப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மன்றத்திற்கு வந்தபோது கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. பிறர் எவராயினும் திரும்பியிருப்பர்.

காட்சி முடிந்து கதவுகள் திறந்தன. கூட்டத்தோடு கூட்டமாய் வெளியே வந்த நாம், வாசற்படி ஓரத்தில் விளக்கு வெளிச்சத்தில் பழைய செய்தித்தாள் ஒன்றை மடித்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்த அவரைக் கண்டோம். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாரோ! கால்கள் நகர மறுத்தன. அவர் தாளை மடித்துக் கக்கத்தில் செருகினார்.

"பஸ் போயிரும், வா."

அவ்வளவுதான். நாகமலைப் புதுக்கோட்டை தாண்டும் வரை அவர் வாய் திறக்கவில்லை. பேருந்தின் இரைச்சல் ஒன்றே நமக்குத் துணை. அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். செக்கானூரணி நெருங்கும்போது, வெளியே இருட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"இங்கிலீசுல பேசுறாகளே, உனக்கு எல்லாம் வெளங்குச்சா?"

"வெளங்குச்சுப்பா" என்றோம்.

பாதிக்கு மேல் விளங்கவில்லை. "அப்ப கதையச் சொல்லு" என்றார் தந்தையார். உசிலம்பட்டி வரும் வரை சொன்னோம். விளங்காத இடங்களில் நாமே கட்டிச் சொன்னோம்.