துறைக்கு யார் பெயர்?

ஆற்றுக்குக் கரை இரண்டு. துறைக்குப் பெயர் ஒன்று. அந்த ஒரு பெயர் யாருடையது, எவ்வாறு வந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. கடப்பவனுக்கு அக்கரை சேர்ந்தால் போதும். ஆயினும், பெயர் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட என்னைப் போன்ற தோட்டத்துக் கிராணிக்கு எந்தப் பெயர்ப்பலகையைக் கண்டாலும் கண் அங்கே நின்றுவிடுகின்றது. ஆஸ்திரேலியாவில் ஓர் ஆற்றை மோட்டார் வண்டியோடு கடந்தபொழுது நான் கண்டதையும் கேட்டதையும் நேயர்கள் முன் வைக்கலாமென்று இதனை எழுதுகின்றேன்.

என் தங்கை மணமாகிச் சிட்னி நகரில் வாழ்கின்றாள். சென்ற ஆண்டு கிடைத்த விடுமுறையில் அவளைக் காணச் சென்றிருந்தேன். அவள் கணவர் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர். கணக்குத் துறையில் நல்ல உத்தியோகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர், "மச்சான், வண்டியோடு ஆற்றைக் கடக்கிற பழைய பெர்ரி ஒன்று இருக்கிறது, பார்த்து வரலாம் வாருங்கள்" என்றார். பெர்ரி என்றவுடன் மறுமொழி சொல்லாமல் புறப்பட்டுவிட்டேன். சிறு பிராயத்தில் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்கு மோட்டாரோடு கடல் கடந்த மகிழ்ச்சியை நம்மில் யார் மறப்பார்? அந்தப் பெர்ரிகளில் நாற்சக்கர வண்டிகளை ஏற்றும் வழக்கம் 2020-ஆம் ஆண்டின் முடிவோடு நின்றுபோயிற்று. நம்மிடம் நின்றுபோனது வேறெங்கோ இன்னும் நடக்கின்றது என்றால், அதனைக் காண ஆவல் எழாதிருக்குமா?

சிட்னியிலிருந்து வடமேற்காகச் சுமார் 75 கிலோமீட்டர் சென்றால் ஹாக்ஸ்பரி ஆறு வருகின்றது. அந்நாட்டு ஆதிக்குடிகளாகிய தாருக் மக்கள் அதற்கு வழங்கிய பெயர் தியாரபின். இரு மருங்கும் மணற்பாறைக் குன்றுகள். நடுவே பழுப்பு நிற நீர். கரையோரம் நம் ஊர்க் கழிமுகங்களில் காண்பதைப் போன்ற அலையாத்திச் செடிகள். கடலிலிருந்து வெகுதொலைவு உள்ளே இருந்தும் அங்கே வேலியேற்றமும் வற்றமும் உண்டு. துறைக்கு மட்டுமன்றி, துறையை ஒட்டிய ஊருக்கும் ஒரே பெயர்: வைஸ்மன்ஸ் பெர்ரி. 1827-இல் தொடங்கிய இத்துறை, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இன்றும் வழக்கில் உள்ள ஓடத்துறைகளுள் மிகப் பழையதென்பர்.

அந்த ஓடம் இயங்கும் விதத்தைச் சிறிது சொல்ல வேண்டும். அதற்குத் துடுப்பில்லை, சுக்கானைத் திருப்பி வழிதேட வேண்டியதுமில்லை. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு உருக்கு வடங்களைக் கட்டியிருக்கின்றார்கள். வடங்கள் தொய்ந்து ஆற்றின் அடியில் கிடக்கும். ஓடத்திலுள்ள டீசல் இயந்திரம் சக்கரத்தைச் சுழற்ற, முன்புறத்து வடம் நீரிலிருந்து சொட்டச் சொட்ட எழுந்து சக்கரத்தைப் பற்றி, பின்புறம் மீண்டும் நீருள் அமிழ்கின்றது. ஓடம் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போகின்றது என்றே சொல்லலாம். வடம் அடியில் கிடப்பதால் மற்றப் படகுகள் தடையின்றி மேலே செல்கின்றன. கரையை அடைந்ததும் முன்பலகை தாழ்ந்து தரையைத் தொடுகின்றது; வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போகின்றன. கடக்கும் நேரம் சில நிமிஷங்களே.

எனக்கு அதிசயமாகத் தோன்றியது வேறொன்று. அங்கே கட்டணம் இல்லை. இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும் அரசாங்கம் இலவசமாகவே அக்கரை சேர்க்கின்றது. விலையுயர்ந்த மோட்டாரும், வைக்கோல் ஏற்றிய பழைய லாரியும், இளைஞனின் மோட்டார் சைக்கிளும் வந்த வரிசைப்படியே நின்றன. முன்னே வந்தவன் முன்னே. பின்னே வந்தவன் பின்னே. ஓடக்காரர் யாரையும் ஏற இறங்கப் பார்க்கவில்லை; கையை அசைத்தார், ஏறினோம். சாதி பார்த்து நீர்த்துறையைப் பிரித்துவைத்த சமூகத்தில் பிறந்தவனுக்கு இது சிறிய காட்சியன்று.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். சாலமன் வைஸ்மன் என்பவர் இலண்டனில் தேம்ஸ் ஆற்றில் சரக்குப் படகு ஓட்டியவர். படகிலிருந்த மரத்தைத் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்றார். அது பின்னர் தீவாந்தர சிட்சையாக மாற்றப்பட்டது. 1806-இல் கைதியாகச் சிட்னியில் வந்து இறங்கினார். பிறகு மன்னிப்புக் கிடைத்தது. 1817-இல் இந்த ஆற்றங்கரையில் நிலம் கிடைத்தது. பத்தாண்டு கழித்து ஓடம் விட்டார், சத்திரம் நடத்தினார், சாலை போட வந்த கைதிக் கூட்டங்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் குத்தகையையும் பெற்றுப் பெருஞ்செல்வரானார். ஆற்றிலே குற்றவாளியானவர் ஆற்றினாலேயே சீமானார். கைதியாக வந்தவன் துறைக்கே பெயராகி நிற்பது நல்ல கதைதான். ஆனால் அது பாதிக் கதை. அவர் பெற்ற நிலம் வெற்று நிலமன்று. தாருக் மக்களும் தார்க்கின்ஜுங் மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலம். மரப்பட்டை ஓடத்தில் அந்த ஆற்றை முதலில் கடந்தவர்கள் அவர்களே.

அக்கரையில் இறங்கிச் சிறிது தூரம் சென்றால் டிவைன்ஸ் குன்று. வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். சிட்னியையும் வடக்கே ஹண்டர் பள்ளத்தாக்கையும் இணைக்க 1826 முதல் 1836 வரை கைதிகளைக் கொண்டு போட்ட 240 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலையின் ஒரு பகுதி அங்கே இருக்கின்றது. சில காலங்களில் 700 பேர் வரை அதில் வேலை செய்தனர். தண்டனைக்குள்ளும் தண்டனை பெற்றவர்கள் காலில் விலங்கோடு கல் உடைத்தார்கள். அவர்கள் செதுக்கி அடுக்கிய தாங்குசுவர்கள் மலைச்சரிவில் ஆளுயரத்துக்குப் பன்மடங்காக இன்றும் அசையாமல் நிற்கின்றன. உளி பட்ட தழும்புகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். இத்தனை பாடுபட்டும் பயன் என்ன? சாலை முடியுமுன்பே, 1831-இல், சிட்னிக்கும் ஹண்டர் ஆற்றுக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிவிட்டது. மக்கள் கப்பலில் சென்றார்கள். சாலையின் சில பகுதிகள் காட்டுக்குள் மறைந்தன. 2010-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் ஆஸ்திரேலியாவின் கைதித் தலங்கள் பதினொன்று சேர்க்கப்பட்டபொழுது, இச்சாலையும் அவற்றுள் ஒன்றாயிற்று.

சுவரருகே ஒரு வெள்ளைக்கார முதியவர் தம் பேர்த்தியுடன் நின்றுகொண்டிருந்தார். சிறுமியின் கையைப் பிடித்து உளித்தழும்பின்மேல் வைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு புன்னகை செய்து, "என் பாட்டனாரின் பாட்டனார் இந்தச் சாலையிலே கல் உடைத்தவர், காலிலே விலங்கு" என்றார். நம்மவர் ஒருவர் தம் பாட்டனார் ஜமீன்தார் என்று சொல்லும்பொழுது குரலில் எத்தனை பெருமை இருக்குமோ, அத்தனை பெருமை அந்தக் குரலில் இருந்தது. பின்னர் எங்களை நோக்கி, நாங்கள் யார், எவ்வூர் என்று விசாரித்தார். மலேசியத் தமிழர் என்றோம். "உங்கள் முன்னோர் அங்கே எவ்வாறு சென்றார்கள்?" என்று கேட்டார்.

"வியாபாரத்திற்காக" என்றார் என் மைத்துனர், உடனே.

நான், "என் பாட்டியின் தகப்பனார் கங்காணியோடு சென்றவர். தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். கூலிக்காரர்" என்றேன். முதியவர் என் கையைப் பற்றிக் குலுக்கினார். "அவர் பெயர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். வெள்ளைக்கார நாக்கில் அது சிதைந்தது. ஆயினும் இருமுறை முயன்று சொல்லிப் பார்த்தார்.

அந்த மக்களும் எக்காலத்தும் இவ்வாறு பெருமை பேசியவர்களல்லர். கைதி வமிசம் என்பது நெடுங்காலம் அவர்களுக்குள் களங்கமாக இருந்தது. குடும்பங்கள் மறைத்தன, கேட்ட பிள்ளைகளை அதட்டின. அந்த நாணம் பிற்காலத்தில்தான் நீங்கிற்று. கப்பலில் ஏற்றிய கைதிகளைக் குறித்து அதிகாரிகள் எழுதிவைத்த பட்டியல்களே நாணம் நீங்கியபின் பெருந்துணையாயின. பெயர், வயது, குற்றம், தண்டனை என்று எல்லாம் எழுதியிருந்தது. அக்கைதிப் பதிவுகளை 2007-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி கலாசார நிறுவனம் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்த்தது. வைஸ்மனின் வழிவந்த கேட் கிரென்வில் என்ற எழுத்தாளர், தம் முன்னோரின் வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு 2005-இல் 'தி சீக்ரெட் ரிவர்' என்ற நாவலை வெளியிட்டார். அதில் கைதியாக வந்தவனின் துன்பமும் இருக்கின்றது. அவனுக்கு நிலம் கிடைத்ததால் நிலமிழந்த ஆதிக்குடிகளின் துன்பமும் இருக்கின்றது. முன்னோரை மதிப்பது வேறு, அவரைப் புனிதராக்குவது வேறு என்பதை அவர் அறிந்திருக்கின்றார்.

இவையெல்லாம் நமக்குத் தொடர்பற்றவையென்று எண்ண வேண்டாம். ஹாக்ஸ்பரிக் கரையில் வெள்ளைக்காரக் கைதிகள் கல் உடைத்த அதே காலத்தில், சென்னையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் தீவாந்தர சிட்சை பெற்ற நம்மவர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மண் வெட்டிக்கொண்டிருந்தனர். சிங்கப்பூருக்கு முதற்கூட்டம் வந்தது 1825-இல். அங்கே அந்த ஏற்பாடு முடிந்தது 1873-இல். சதுப்பைத் தூர்த்தவர்களும் சாலை போட்டவர்களும் அவர்களே. 1856-இல் தொடங்கிய புனித ஆண்ட்ரூ தேவாலயக் கட்டடமும் அவர்கள் கை உழைப்பே. ஒப்பந்தக் கூலிகளும் வந்தார்கள். கப்பல் கூலி கடனாகி, கடன் சம்பளத்திலே பிடிக்கப்பட்டது. ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையில் ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசாங்கம் தடை செய்யும்வரை நடந்தது. காட்டை அழித்ததும், தண்டவாளம் போட்டதும், ரப்பரை நட்டதும் அக்கைகள். தோட்டத்துக்கோ துரையின் பெயர், அல்லது துரை பிறந்த சீமையின் பெயர்!

திரும்பும்பொழுதும் அதே ஓடம். வண்டியை விட்டிறங்கிக் கம்பியருகே நின்றோம். வடம் நீரிலிருந்து எழுந்து எழுந்து வருவதையே மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஆற்றில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "மச்சான், எங்கள் அப்பாவின் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் புல் வெட்டியவராம். அப்பா பட்டணத்துக்கு வந்தபின் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்றுவிட்டார். வியாபாரக் குடும்பம் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்."

"பாட்டியின் பெயர்?" என்றேன்.

"தெரியாது."

அந்த ஒரு சொல் என்னை வருத்தியது போல வேறெதுவும் வருத்தவில்லை. சங்கிலியில் கட்டுண்டு இருநூறு ஆண்டுக்கு முன் வந்த திருடனின் பெயர் அவன் சந்ததிக்குத் தெரிந்திருக்கின்றது. எவரிடமும் ஒரு காசு திருடாமல், குனிந்த முதுகு நிமிராமல் உழைத்து ஒரு குடும்பத்தை எழுப்பிய கிழவியின் பெயர் கொள்ளுப்பேரனுக்குத் தெரியவில்லை. வெட்கம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? உழைப்பைச் சுரண்டியவன் வெட்கப்படாமல் பலகையில் பெயர் எழுதிக்கொண்டான். உழைத்தவன் வீட்டில் பெயரை அழித்துக்கொண்டோம். இழிவு உழைப்பில் இல்லை. அதனை இழிவென்று நமக்குக் கற்பித்த புத்தியில் இருக்கின்றது. சாதியால் தாழ்த்தப்பட்டவனும் கூலியால் தாழ்த்தப்பட்டவனும் தம்மைத் தாமே மறைத்துக்கொள்ளும்வரை, தாழ்த்தியவனுக்கு வேலை மிச்சம்.

நான் ஊர் திரும்பிய சில நாளில் மைத்துனர் தொலைபேசியில் பேசினார். ஈப்போவிலுள்ள தம் தகப்பனாரைக் கேட்டாராம். பெரியவர் நெடுநேரம் பேசாமல் இருந்து, பின்பு பெயரைச் சொன்னாராம், சொல்லிவிட்டு அழுதாராம். அப்பெயரை இங்கே எழுதுவது என் உரிமையன்று. அவர் பிள்ளைகளுக்கு இப்பொழுது அது தெரியும், அதுவே போதும்.

நேயர்களே, நம் இல்லங்களில் எண்பதைக் கடந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றார்கள். எந்தக் கப்பல், எந்தத் தோட்டம், எந்த லயம், யார் பெற்ற பிள்ளை என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில் இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகே உட்காருங்கள். ஊர்ப் பெருமை வேண்டாம்; பட்டம் வேண்டாம்; உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. இன்று செம்பனைத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நிற்பவருள் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியருமே. கடன்பட்டுக் கப்பலேறிய நம் பாட்டனாரைப் போலவே கடன்பட்டு விமானமேறி வந்தவர்கள் அவர்களுள் பலர். அவர்களை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது எளிது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். செக்ரோலில் பெயரைப் பிழையின்றி எழுதுவோம். நூறாண்டு கழித்து ஏதோ ஓர் ஊரில் ஒரு பேரன் அதைத் தேடி வரக்கூடும்.